புத்தகம் தேய்ந்த கணக்கு: பேரையூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சிறார் வாசிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூருக்குச் சென்று, அங்கிருந்து மேற்கே சாப்டூர் மலையை நோக்கித் திரும்பினால், மானாவாரி நிலங்களுக்கு நடுவே சில கிலோமீட்டர் இடைவெளியில் சிற்றூர்கள் ஒவ்வொன்றாக வரும். பருத்தியையும் மக்காச்சோளத்தையும் மழையை நம்பி விதைக்கும் பூமி இது. மழை பொய்த்த ஆண்டில் நூறு நாள் வேலையும் ஆடுகளுமே குடும்பத்தைத் தாங்குகின்றன. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஊர் அவற்றுள் ஒன்று. நூற்றைம்பது வீடுகளைத் தாண்டாது. ஊர், காலனி என இரண்டு குடியிருப்புகள், இரண்டுக்கும் இடைப்பட்ட பொட்டலில் ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஐந்தாம் வகுப்பு வரை கொண்ட ஈராசிரியர் பள்ளி, நாளுக்குச் சில முறை மட்டும் வந்து திரும்பும் பேருந்து ஆகியவையே அதன் அமைப்பு. இளையவர்களில் பலர் திருப்பூருக்கும், வடமாநிலங்களில் முறுக்குத் தொழிலுக்கும் போய்விட்டதால், பிள்ளைகளில் கணிசமானோர் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ வளர்கிறார்கள். இங்கே பேசப்படுவோர் பெரும்பாலும் சிறுவர்கள் என்பதால் ஊரின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

இத்தகைய ஊர்களைப் பற்றிப் பேசும்போது "அங்கே புத்தகமே கிடையாது" என்று தொடங்குவது வழக்கமாகிவிட்டது. இந்த ஊரைப் பொறுத்தவரை அது உண்மையன்று. பள்ளியில் ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள் இருந்தன. ஊராட்சியின் தலைமைக் கிராமத்தில், அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்ட நூலகக் கட்டடம் ஒன்று இருந்தது. 2006-இல் தொடங்கிய அத்திட்டம் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் சுற்றி வந்து ஊராட்சிதோறும் ஒரு நூலகத்தையும் விளையாட்டுத் திடலையும் அமைக்க முனைந்தது. பேருந்து ஏறிப் போனால் அருகிலுள்ள சிறுநகரத்தில் பொது நூலகத் துறையின் கிளை நூலகம் உண்டு. மதுரைக்கே போக முடிந்தால், 2023 ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கட்டடக் கணக்கிலும் புத்தகக் கணக்கிலும் குறையில்லாத இந்த நிலையில், நான்காம் வகுப்பில் படித்த பிள்ளைகளுள் பலர் பாடநூலைத் தவிர வேறொரு புத்தகத்தைக் கையில் வைத்துப் புரட்டியதே இல்லை என்பதுதான் ஆராயத்தக்க செய்தி. இருக்கும் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போகாமல் எது தடுத்தது, பின்னர் எது அதை விடுவித்தது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பூட்டிய பீரோ

பீரோவின் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. அவர் அக்கறையற்றவர் அல்லர்; இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில், பதிவேடுகளையும் செயலிகளையும் சமாளித்துக்கொண்டு பாடமும் நடத்தி வந்தவர். புத்தகங்களை ஏன் வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: "எனக்கு முன்னாடி இருந்தவங்க கிட்ட எண்ணி வாங்குனேன் சார். மாறுதல் வந்தா எண்ணிக் குடுத்துட்டுத்தான் போகணும். குறைஞ்சா யாரு பதில் சொல்றது?" பீரோவுக்குள் இருந்த இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் அவருடைய அச்சம் விளங்கும். நாற்காலி, தண்ணீர்த் தொட்டி, கரும்பலகை, உலக உருண்டை ஆகியவை வரும் அதே பதிவேட்டில், அதே முறையில், புத்தகங்களும் ஏறியிருந்தன. நாற்காலி பத்தாண்டு கழித்தும் நாற்காலியாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. பதினாறு பக்கம் கொண்ட, நடுவில் கம்பி ஊசி அடித்த படக்கதைப் புத்தகத்தை நாற்பது பிள்ளைகள் வாசித்தால் அது நாராகிப் போகும். நாராகாத புத்தகம் என்றால், யாரும் வாசிக்காத புத்தகம் என்றே பொருள். ஆனால் பதிவேடு, புத்தகத்தைப் புத்தம்புதிதாக வைத்திருந்தவரைத்தான் பொறுப்பானவராகக் காட்டுகிறது. வாசிக்கக் கொடுத்தவர் விளக்கம் சொல்ல வேண்டியவராகிறார்.

இது அந்தத் தலைமையாசிரியருக்கோ அந்தப் பள்ளிக்கோ மட்டும் உரிய குறையன்று. சீர்காழியில் பிறந்து நூலக இயலுக்கே அடித்தளமிட்ட சீ.இரா.அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பதாகும். ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை எடுத்துக்காட்டியே அவர் இந்த விதியின் தேவையை விளக்கினார். சங்கிலி போய்விட்டது, அதன் வேலையைப் பதிவேடு செய்கிறது. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகம் தொடங்கியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றியதும் அன்றைய சென்னை மாகாணமே. அச்சட்டத்தின்கீழ் வீட்டு வரியுடன் சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி இன்றுவரை பெறப்படுகிறது. நூலகத்தின் படியை மிதித்தறியாத அப்பத்தாக்கள் ஆண்டுதோறும் நூலக வரி கட்டி வருகிறார்கள் என்பது இந்த ஊரில் பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது.

நூல் இழப்பை இயல்பானதாக ஏற்கும் வழி நம் நாட்டு அரசு விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரையிலான இழப்பை, அது நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேராதவரை, ஏற்கத்தக்கதாகக் கொள்ளலாம் என்கிறது. விலை உயர்ந்தவையும் அரியவையும் காணாமற்போனால் மட்டும் கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறது. மாநிலப் பள்ளிகளை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும், வழங்கிய எண்ணிக்கைக்கு ஏற்ப இழப்பை அளக்க வேண்டும் என்ற அதன் கருத்து பொன்னானது. ஒன்றையும் வழங்காதவருக்கு இழக்கும் உரிமையும் இல்லை. நிறைய வழங்கியவருக்கு அதற்கேற்ற இழப்பு மன்னிக்கப்படும். இந்தக் கணக்குமுறை தொடக்கப்பள்ளியின் பீரோ வரை வந்து சேரவில்லை.

கடிதம்

முயற்சியின் தொடக்கம் தற்செயலானது. கொரோனாக் கால இடைவெளியை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், இவ்வூரைச் சேர்ந்த வணிகவியல் பட்டதாரிப் பெண் ஒருவர் தன்னார்வலராகச் சேர்ந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை வேளையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடலும் விளையாட்டும் எழுத்துமாக நடத்தி வந்த அவருக்கு, பிள்ளைகள் ஒரு கட்டத்தில் "வேற கதை இருக்காக்கா?" என்று கேட்கத் தொடங்கியது இக்கட்டாகிவிட்டது. கையில் இருந்த கதைகள் தீர்ந்துவிட்டன. திருமங்கலத்தில் வசிக்கும் பணி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், மதுரையில் கல்லூரியில் படிக்கும் சிலரும் அவருக்குத் துணை சேர்ந்தார்கள். மதுரை தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தம் சொந்தப் பணத்தில் ஒரு பை நிறையப் புத்தகம் வாங்கி வந்தார்கள். அவையும் சில வாரங்களில் தீர்ந்துபோன பிறகுதான் பள்ளி பீரோவின் நினைவு வந்தது.

தலைமையாசிரியரின் அச்சத்துக்கு அவர்கள் அறிவுரை சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். பீரோவிலிருந்து பெறும் நூல்களுள் காணாமற்போவதற்கும் கிழிந்துபோவதற்கும் ஈடாக அதே நூலையோ, கிடைக்காவிட்டால் அதே விலையுள்ள வேறொரு சிறார் நூலையோ கல்வியாண்டின் இறுதிக்குள் வாங்கித் தருவோம் என்று, மூவர் கையொப்பமிட்டு, இருப்புப் பதிவேட்டுடன் இணைக்கும்படி கொடுத்த ஒருபக்கக் கடிதம் அது. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் அதை வாசித்து, குழுத் தலைவியான ஒரு தாயாரும் கையெழுத்திட்டார். பீரோ அந்த வாரமே திறந்தது. இந்த ஊரின் அனுபவத்தில் மற்ற எந்த நடவடிக்கையையும்விட இந்தக் கடிதத்துக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். பல ஊர்களில் வாசிப்பு முயற்சிகள், ஆசிரியருக்கு வாசிப்பின் அருமையை எடுத்துச் சொல்வதிலேயே ஆற்றலைச் செலவழிக்கின்றன. அவருக்கு அது தெரியும். குறைகிற புத்தகத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி.

சாவடியிலிருந்து தொட்டியடிக்கு

முதலில் புத்தகங்களை ஊர்ச் சாவடியில் பரப்பினார்கள். நிழலும் திண்ணையும் மின்விளக்கும் அங்கே இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். காலனிப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சாவடிப் படியேறவில்லை. யாரும் தடுக்கவில்லை என்றுதான் ஊரில் சொன்னார்கள். யாரும் தடுக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அந்த எல்லை அங்கே பழகிப்போயிருந்தது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் மாலையில் சாவடி என்று வந்ததும் வேறாகிவிடுகிறார்கள்.

பள்ளி வளாகத்தை மாலையில் திறந்து வைப்பதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டதால், நீர்த்தொட்டியின் அடியில் இருந்த சிமெண்டுத் தளத்துக்குப் புத்தகங்கள் நகர்ந்தன. இரண்டு குடியிருப்பினரும் குடத்தோடு வந்து நிற்கும் இடம் அது. எவருடைய முற்றமும் அன்று. தொட்டியின் தூண்களுக்கிடையே நைலான் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் புத்தகங்களைத் தொங்கவிட்டார்கள். தண்ணீர் பிடிக்க வரும் தாய்மார்களும் பாட்டிமார்களும் குடம் நிறையும் வரை நின்று பார்த்தது, யாரும் திட்டமிடாத ஒரு பயனாக அமைந்தது. இடம் மாறியதில் ஊர்ப் பக்கத்திலிருந்து சில வீடுகள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவற்றுள் சில பிள்ளைகள் பின்னர் வந்தார்கள், சிலர் வரவே இல்லை. வாசிப்பு எல்லாரையும் ஒன்றாக்கிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இடத்தேர்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

நேரமும் ஒரு சிக்கல்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தண்ணீர் எடுப்பது, ஆடு பத்தி வந்து அடைப்பது என்று வேலைகள் காத்திருக்கும். அவை முடிந்து இருட்டும் வரை கிடைக்கும் ஒரு மணி நேரமே வாசிப்புக்கு உரியதாயிற்று. பருத்தி எடுக்கும் காலத்தில் அதுவும் சுருங்கியது. அப்போது உட்கார்ந்து வாசிக்க வற்புறுத்தாமல், புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாசித்துக் காட்டுதல்

தமிழில் எழுத்து கற்பது முதல் படியிலேயே நீளமானது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளின் ஒழுங்கைப் பிள்ளை மனத்தில் ஏற்ற வேண்டும். அந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் எந்தச் சொல்லையும் கூட்டி ஒலித்துவிடலாம் என்பது இம்மொழியின் வசதி. ஆனால் கூட்டி ஒலித்த சொல், பிள்ளை வீட்டில் பேசும் சொல்லாக இருப்பதில்லை. "ஆடு ஓடியாந்துச்சு" என்று சொல்லி வளர்ந்த பிள்ளை "ஆடு ஓடி வந்தது" என்று வாசிக்கும்போது ஒவ்வோர் எழுத்தையும் சரியாக ஒலித்துவிட்டு, கதையை விட்டுவிடுகிறது. எழுத்துத் தெரிந்தும் வாசிக்காத பிள்ளைகளுள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

இதற்குத் தன்னார்வலர் கண்ட வழி எளியது. முதலில் புத்தகத்தில் உள்ளபடியே, திருத்தாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுவார். பிறகு ஒரு பிள்ளை எழுந்து அதே கதையைத் தன் வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு மீண்டும் ஒருமுறை புத்தகத்திலிருந்து வாசிப்பார்கள். மூன்றாம் முறையில் பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு வரிகளைச் சொல்லத் தொடங்குவார்கள். எழுத்துநடை அந்நியமாக இருந்தது, காதுக்குப் பழகிய பின் கண்ணுக்கும் பழகியது.

நிலைக்கேற்ற நூல் என்பதில் அரசின் வாசிப்பு இயக்கம் கைகொடுத்தது. 2023-இல் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய அவ்வியக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஊஞ்சலும் அதற்கு மேல் தேன்சிட்டும் என்று துறை வெளியிடும் இதழ்களும் வந்து சேர்ந்தன. படிநிலையில் ஒரு சங்கடம் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பையன் "நுழை" நிலைப் புத்தகத்தை எடுக்க வெட்கப்படுவான்; எடுத்தால் இரண்டாம் வகுப்புத் தம்பி சிரிப்பான். அதனால் அவனிடம் "தம்பிக்கு வாசிச்சுக் காட்டணும், நீ முதல்ல ரெண்டு தடவை படிச்சுப் பாத்துக்கிறியா?" என்று கேட்டு அதே புத்தகத்தைக் கொடுத்தார்கள். அண்ணன் என்ற மரியாதையோடு எளிய புத்தகத்தை வாசிக்க இந்த ஏற்பாடு வழி செய்தது. குழுவின் உத்திகளில் நான் மிகவும் மெச்சுவது இதைத்தான். செலவும் இல்லை, பயிற்சியும் வேண்டியதில்லை.

சிலருக்குச் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கயிற்றில் தொங்கும் புத்தகத்தின் தலைப்பைப் படிக்க ஒரு சிறுமி எப்போதும் ஒட்டிப்போய் நிற்பதைக் கவனித்த பிறகுதான் கண் பரிசோதனை பற்றிய பேச்சு எழுந்தது. பள்ளி மாணவர்களுக்கான கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதலே இருக்கிறது. பரிசோதனை முடிந்து கண்ணாடி வந்ததும், மந்தமான பிள்ளை என்று பெயரெடுத்திருந்தவள் வரிசையில் முன்னால் வந்து நின்றாள். வாசிப்புத் திட்டம் எதையும் தொடங்குமுன் கண் பார்க்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடலாம்.

பாட்டிமார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-களின் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற மூதாட்டி ஒருவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தொங்கிய புத்தகம் ஒன்றின் தலைப்பை எழுத்துக் கூட்டிச் சொன்னார். எல்லாரும் வியந்தபோது அவர் சொன்னது: "அறிவொளில படிச்சதுத்தா. அதுக்கப்புறம் படிக்க எங்கிட்டுப் புத்தகம் கெடந்துச்சு?" ஒரு பெரும் இயக்கம் முனைந்து கற்றுக்கொடுத்த எழுத்து, தொடர்ந்து வாசிக்க ஏதும் கிடைக்காமல் முப்பது ஆண்டுகள் கிடந்து தூர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் அதே கதி நேராமல் இருக்க வேண்டுமானால் புத்தகம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

தேய்வின் கணக்கு

வழங்கல் பதிவேட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே மாறி மாறி எழுதினார்கள். பெயர், புத்தகம், கொண்டுபோன நாள், திரும்பிய நாள் என்ற வழக்கமான கலங்களோடு, "என்ன ஆச்சு" என்று தலைப்பிட்ட ஐந்தாவது கலம் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். அதில் காணப்படும் பதிவுகளை எந்த ஆய்வறிக்கையிலும் காண முடியாது: "மழைல நனஞ்சுருச்சு", "தம்பி கிழிச்சுட்டான்", "ஆடு அட்டைய தின்னுருச்சு", "அம்மாச்சி வீட்ல விட்டுட்டேன்", "ரெம்ப நல்லாருந்துச்சு தர மாட்டேன்". கடைசியாகச் சொன்ன காரணத்தை எழுதிய சிறுமியிடம் புத்தகத்தைத் திரும்பக் கேட்கவில்லை என்று தன்னார்வலர் சொன்னார். தணிக்கையாளர் ஏற்க மாட்டார், நான் ஏற்பேன்.

அபராதம் கிடையாது. கிழிந்ததைக் கொண்டுவந்து காட்டினால் திட்டும் கிடையாது. இதனால் பிள்ளைகள் பொறுப்பில்லாமல் போய்விடுவார்கள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் முதலில் வாதிட்டார். நடந்தது வேறு. கிழிந்ததை மறைக்கத் தேவையில்லாமற்போனதால் கிழிந்த புத்தகங்கள் திரும்பி வந்தன, வந்தவற்றைச் சரிசெய்ய முடிந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளே மைதாப் பசை காய்ச்சி, முதுகில் காடாத்துணி ஒட்டினார்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். அது நஞ்சு என்பதால் இங்கே தவிர்த்துவிட்டு, பெட்டிக்குள் வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் போட்டு வைத்தார்கள். கம்பி ஊசி துருப்பிடித்த புத்தகங்களை ஊசி நூலால் தைத்தார்கள். செல்லோடேப் ஒட்டியவை ஒரு கோடை தாண்டியதும் மஞ்சளாகிப் பிரிந்துவிட்டன.

எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்வதைவிட, எந்தப் புத்தகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது மேலான வழி என்பது இந்தப் பதிவேட்டிலிருந்து தெரிந்தது. முதலில் நைந்தவை மெல்லிய படக்கதைகள், பாம்பு பற்றியவை, பேய்க் கதைகள், விடுகதைத் தொகுப்பு, வண்டிகளின் படங்கள் நிறைந்த ஒரு புத்தகம். பீரோவிலிருந்து வந்தபடியே பளபளப்பாக இருந்தவை தலைவர்களின் வரலாறுகள், பொது அறிவு வினா விடை, நீதி சொல்லி முடியும் கதைகள். மதுரையில் அடுக்குமாடி வீடுகளைக் காலி செய்தவர்கள் நன்கொடையாக அனுப்பிய பெட்டிகளில் இருந்தவற்றை, போட்டித் தேர்வுக் கையேடுகளும் பழைய ஆங்கிலக் கதைகளும் பெரும்பகுதியாக இருந்ததால், பிள்ளைகள் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். தனக்கு வேண்டாததைக் கொடுப்பதற்கு நன்கொடை என்று பெயர் வைத்துக்கொள்வது நம்மிடையே பரவலான பழக்கம். குழு பின்னாளில் அத்தகைய பெட்டிகளை மரியாதையாக மறுக்கக் கற்றுக்கொண்டது.

தேய்ந்தவற்றுக்கு மாற்று வாங்க ஆகும் செலவு பெரிதன்று. பதினாறு, இருபத்துநான்கு பக்கச் சிறார் நூல்கள் இன்னும் கைக்கடக்கமான விலையில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் நடத்திவரும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால், அவற்றை அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழின் பழைய பிரதிகளும் நன்றாகவே ஓடின. கடிதத்தில் வாக்களித்தபடி, கல்வியாண்டு முடியும்போது பள்ளியின் நூல்களுக்கு ஈடு வாங்கி வைத்தார்கள். வாங்கும்போது பளபளப்பாகக் கிடந்த வகையைத் தவிர்த்து, நைந்த வகையையே தேர்ந்தார்கள். ஆண்டு கடக்கக் கடக்கப் பள்ளி பீரோவின் தரம் இப்படியே உயர்ந்தது.

குழுவுக்குள் தீராத விவாதம் ஒன்றும் இருந்தது. பெற்றோருடன் வெளிமாநிலம் போகும் பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தனுப்பலாமா என்பது அது. பொங்கலுக்கோ பங்குனித் திருவிழாவுக்கோ திரும்பும்போது சில புத்தகங்கள் வந்தன, சில வரவில்லை. தமிழ்ப் பள்ளியே இல்லாத ஊரில் மாதக்கணக்கில் இருக்கப்போகிற பிள்ளைக்குத்தான் அந்தப் புத்தகம் மிகவும் தேவை என்ற தன்னார்வலரின் கருத்தே முடிவில் நின்றது. அப்படிப் போகும் புத்தகங்களைப் பதிவேட்டில் தேய்வாகவே எழுதிவிடுகிறார்கள். திரும்பி வந்தால் வரவு.

பலிக்காதவை

அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு என்று அறிவித்த மாதத்தில் பதிவேட்டின் எண்ணிக்கை ஏறியது. எடுத்த புத்தகத்தைத் திறக்காமலே மறுநாள் திருப்பும் வழக்கமும் அத்துடன் வந்தது. பரிசை விட்டுவிட்டார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் தொட்டியடிக்கு வருவது நின்றுபோனதை மாற்ற எவராலும் முடியவில்லை. தங்கைகளின் கையில் புத்தகம் வீட்டுக்குப் போனது. 2022-இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாதோருக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுபோய்த் தர வழி இருப்பதால், கிளை நூலகத்திலிருந்து நாவல்களும் இதழ்களும் அப்பெண்களுக்காகவே எடுத்துவரப்பட்டன. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பையன்களைக் கைப்பேசியிடமிருந்து மீட்கும் முயற்சி தோற்றது என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளைகளின் வாசிப்புத் திறன் எவ்வளவு கூடியது என்று எண்ணிக்கை தருவதைத் தவிர்க்கிறேன். எழுத்து, சொல், பத்தி, கதை என்ற வரிசையில் பிள்ளைகளை அவ்வப்போது வாசிக்கச் சொல்லிப் பார்த்ததில், சொல்லில் நின்றிருந்த பலர் கதைக்கு வந்துவிட்டது தெரிந்தது. ஆனால் அதே காலத்தில், 2022 ஜூன் முதல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டமும் பள்ளியில் நடந்தது. ஆசிரியர்களின் உழைப்பையும் மாலை வாசிப்பையும் பிரித்துக் கணக்கிட இவ்வளவு சிறிய ஊர் இடம் தராது.

நிலுவை

ஊராட்சித் தலைமைக் கிராமத்தின் நூலகக் கட்டடம் குறித்துக் கிராம சபையில் பேச வேண்டும் என்று தாய்மார்கள் முடிவெடுத்தார்கள். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுவதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. கட்டடத்தைப் பழுது பார்த்தல், மாலையில் திறத்தல், சிறார் நூல்களுக்கு ஆண்டுதோறும் மாற்று வாங்கச் சிறு தொகை ஒதுக்குதல் ஆகிய மூன்றையும் அவர்கள் முன்வைத்தார்கள். முதல் இரண்டும் தீர்மானப் பதிவேட்டில் ஏறின. மூன்றாவதற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் செலவெழுதுவது என்ற கேள்வி வந்தது. வாங்குவதற்குத் தலைப்பு உண்டு, தேய்ந்ததற்கு மாற்றுவதற்கு இல்லை என்று சொல்லப்பட்டு அது தள்ளி வைக்கப்பட்டது. "வீட்டு வரியில நூலக வரின்னு வாங்குறீகளே, அது எதுக்குய்யா?" என்று ஓர் அப்பத்தா கேட்டார். அந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடுகிறது, ஊராட்சி அதைச் செலவிட முடியாது என்று அவருக்கு விளக்கினார்கள். அப்படியானால் ஆணைக்குழுவுக்கே மனு எழுதுவோம் என்று அங்கேயே பேச்சாயிற்று. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தன்னார்வலருக்குத் திருமணமாகி அவர் விருதுநகர்ப் பக்கம் போய்விட்டார். அவரிடம் முதன்முதலாக வாசிக்கக் கேட்ட பிள்ளைகளின் அக்காமார்களில் இருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் தொட்டியடியில் உட்காருகிறார்கள். பழைய தலைமையாசிரியரும் மாறுதலில் போனார். எண்ணிக் கொடுத்தபோது குறைந்திருந்த புத்தகங்களுக்கு எதிரே, ஈடாக வாங்கப்பட்டவற்றின் பட்டியலும் அந்த ஒருபக்கக் கடிதமும் இருந்தன. புதிதாக வந்தவர் இரண்டையும் வாசித்துவிட்டு, கடிதத்தின் அடியில் "தொடரலாம்" என்று எழுதித் தம் கையொப்பத்தை இட்டிருக்கிறார். மாற்றுப் புத்தகங்களுக்கான பணத்தை இவ்வாண்டும் குழுவினரே போட்டிருக்கிறார்கள். மனுவுக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது.